எட்டு மூடித் தண்ணீரும் ஒன்பதாவது வேலையும்

ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் மணல்திட்டில் விட்டுவிட்டு நீங்கள் கைதட்டினீர்கள். திட்ட முகாமையாளர் ஐயா, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். என் மச்சாள் எழுதிய கணினி விளையாட்டில் இரண்டு வரிகளை எடுத்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் போட்டீர்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து அந்த விளையாட்டை யார் விளையாடினாலும் வள்ளம் வருவதில்லை.

இதை எழுதும்போது அவளுடைய கொப்பி எனக்கு முன்னால் இருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி. மட்டை கிழிந்து, தையல் நூலால் திரும்பத் தைக்கப்பட்டது. நடுப்பக்கத்தில் பென்சிலால் அந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. தண்ணீர் இல்லை என்றால் முடி என்பது முதல் வரி. தண்ணீரில் ஒன்றைக் கழி என்பது இரண்டாவது. பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறி என்னுடையது. அதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

மச்சாள் என் தம்பியின் மனைவி. ஊர் இலுப்பைக்கடவை. ஏழு வயதில் தாயோடும் தன் தம்பியோடும் பேசாலைக் கரையிலிருந்து வள்ளம் ஏறினவள். முப்பது வயது தாண்டித்தான் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தாள். நானாட்டானில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுடைய பேச்சு இரண்டு கரைக்கும் நடுவில் நின்றது. கோபம் வந்தால் எங்கள் பேச்சு வரும். பழையதை நினைத்தால் அந்தக் கரைப் பேச்சு வரும். எங்கள் அம்மா முதல் மாதம் அதைப் பிடித்துக்கொண்டு நக்கலடித்தார். இரண்டாம் மாதம் மச்சாளே எங்கள் அம்மாவைப் போலப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அதற்குப் பிறகு நக்கல் நின்றது.

நான் கணினி படிப்பிக்கிறவள். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. பிரதேச செயலகத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம், ஆறு கணினிகள், அதில் ஒன்று எப்போதும் ஓடாது. திரும்பி வந்த குடும்பத்துப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே விளையாட்டாகச் செய்யட்டும் என்று உங்கள் நிறுவனம் ஒரு திட்டத்தோடு வந்தது. ஒரு மென்பொருள் தந்தீர்கள். அதில் ஒரு சின்னக் கட்டளை மொழி இருந்தது. ஒரு மாறிக்கு எண்ணைக் கொடு, கூட்டு, கழி, இவ்வளவு ஆனால் இதைச் செய். மொத்தமாக ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கட்டளைகள். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஓர் இடத்தில் நிற்பதையும், எதையோ எடுப்பதையும், கதவு திறப்பதையும் செய்யலாம்.

மாறி என்று நான் பலகையில் எழுதினேன். பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பால்மாப் பேணி ஒன்றை மேசையில் வைத்தேன். பேணிக்கு வெளியே பெயர் எழுதியிருக்கிறது, உள்ளே எண் இருக்கிறது, கூட்டினால் உள்ளே போடுகிறோம், கழித்தால் எடுக்கிறோம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சாள் மட்டும் கையை உயர்த்தி, "பேணி எண்டா டப்பாதானே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முகாமில் வளர்ந்தவர்கள் டப்பா என்றார்கள். ஊரில் இருந்தவர்கள் பேணி என்றார்கள். மாறி என்று சொன்னது நான் ஒருத்திதான், அதுவும் உங்கள் ஆட்கள் பார்வையிட வந்த நாட்களில்.

அவள் எடுத்த கதை மணல்திட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை, வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கோ என்று வள்ளக்காரன் சொல்வான். இறங்கி விடிந்த பிறகு பார்த்தால் நாலு பக்கமும் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். அவளையும் அப்படித்தான் இறக்கிவிட்டார்கள். தாய், இவள், மூன்று வயதுத் தம்பி. கையில் ஒரு தண்ணிக் கான். அதன் மூடியால் அளந்து அளந்து தாய் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். ஆகவே விளையாட்டிலும் தண்ணீரை மூடியால் அளந்தாள். தொடக்கத்தில் எட்டு மூடி. ஒவ்வொரு வேலை செய்யும்போதும் ஒரு மூடி குறையும். சேலையைக் கிழித்துத் தடியில் கட்டலாம், தம்பிக்கு நிழல் செய்யலாம், கண்ணாடித் துண்டை வெயிலில் பிடிக்கலாம். சரியான வேலை ஒவ்வொன்றுக்கும் வழி என்ற பேணியில் ஒன்று கூடும். அது ஒன்பது ஆனால் மீன்பிடி வள்ளம் ஒன்று கண்டுவிடும்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்த பின்நேரத்தை மறக்க முடியாது. வேலைகளை அவள் எழுதியிருந்தாள். வள்ளம் வரும் பகுதியை நான் எழுதியிருந்தேன். எந்த வேலையைச் செய்தாலும் வள்ளம் வரவில்லை. தண்ணீரை நூறு மூடி ஆக்கிப் பார்த்தோம், அப்போதும் வரவில்லை. பன்னிரண்டு பேரும் மாறி மாறி இருந்து விளையாடினார்கள். பின்னால் நின்ற ஒரு அக்கா, "வள்ளக்காரன் மண்ணெண்ணெய்க்கு லைனில நிக்கிறான் போல" என்று சொல்ல மண்டபமே சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

இரண்டு மணித்தியாலம் தேடிய பிறகு கண்டுபிடித்தேன். அந்த மொழியில் பேணிகளின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். வழி என்பதில் வரும் ழ எழுத்தை எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், கல்யாண அழைப்பிதழில் எல்லாம் அப்படித்தான். தமிழ்நாட்டில் 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அவள் அங்கே படித்தவள். அவள் ஒரு பேணியில் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு இருந்தாள். நான் வேறொரு பேணியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். இல்லாத பெயரைக் கேட்டால் பிழை என்று அந்த மொழி சொல்லாது. பேசாமல் ஒரு வெறும் பேணியைச் செய்து, உள்ளே பூச்சியம் என்று காட்டும்.

நான் எழுதியதை வாசித்தால் வழி என்றும் வாசிக்கலாம், வலி என்றும் வாசிக்கலாம். அவள் அதைக் கண்டுவிட்டாள். எந்த எழுத்தை வைப்போம் என்று நான் கேட்டபோது, "உங்கட எழுத்தில வைச்சா ஒவ்வொரு வேலைக்கும் நான் ஒரு வலி கூட்டவேணும் மச்சாள், என்ர எழுத்தே இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் அவள் சிரித்தாள். அவளுடைய எழுத்தையே வைத்தோம்.

பெயரைத் திருத்திய பிறகு வள்ளம் வந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. எட்டு மூடித் தண்ணீருக்கு எட்டு வேலைதான் செய்யலாம். வழிக்கோ ஒன்பது வேண்டும். எப்படி வந்தது? கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வேலையும் முடிந்து வழி கூடிய பிறகு, தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகுதான் கழித்திருந்தாள். எட்டாவது வேலைக்குப் பிறகு திரையில் தண்ணீர் பூச்சியம் என்று வந்துவிடும், ஆனால் விளையாட்டு முடியாது. அடுத்த வேலைக்குப் பிறகு பார்க்கும்போதுதான் முடியும். அதற்குள் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய இடம் இருக்கிறது, வழியும் ஒன்பது ஆகிவிடும். புதிதாகப் படிக்கிற எல்லோரும் விடும் பிழை இது. நான் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனையை எடுத்து இரண்டு வரிக்கும் நடுவில் அம்புக்குறி போட்டேன். முதலில் கழி, பிறகு பார்.

"இது பிழை. எட்டில இருந்து ஒன்பதைக் கழிக்கேலுமே? நீர் கழிப்பீரோ?" என்று கேட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். என் வாய் அப்படி.

அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்கம்மா கழிச்சாங்க" என்றாள்.

பிறகு சொன்னாள். மெதுவாக, அந்தக் கரைப் பேச்சில். மணல்திட்டில் இருந்தபோது தாய் கானைக் கவிழ்த்துக் காட்டித் தண்ணீர் முடிந்துவிட்டது என்று சொன்னாளாம். தம்பி அழுதழுது ஓய்ந்து போனானாம். அதற்குப் பிறகும் ஒரு முழுப் பொழுது இருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் தாய் மணலைக் கிளறி, சேலைத் துண்டில் சுற்றிய சின்னப் போத்தலை எடுத்தாள். உள்ளே ஒரு மூடித் தண்ணீர். பிள்ளைகளுக்குப் பாதி பாதி. தான் குடிக்கவில்லை. அதைக் குடித்த பிறகுதான் இவளுக்கு எழுந்து நிற்க முடிந்ததாம். எழுந்து நின்று தடியை ஆட்டினாளாம். அந்தத் தடியைத்தான் வள்ளத்தில் போனவர்கள் கண்டார்கள்.

"தீந்துடுச்சுன்னு சொன்னாங்க. தீரல. சொல்லலேன்னா நாங்க கேட்டுக் கேட்டே அதையும் குடிச்சிருப்போம்" என்றாள். பிறகு எங்கள் பேச்சுக்கு வந்து, "நான் தெரிஞ்சுதான் போட்டனான் மச்சாள். திரையில பூச்சியம் எண்டு வரவேணும். எல்லாம் முடிஞ்சுது எண்டு விளையாடுறவை கையை எடுக்கவேணும். எடுக்காமல் இன்னொருக்கா அமத்திற ஆளுக்குத்தான் வள்ளம்" என்றாள்.

என் அம்புக்குறிக்குக் கீழே அவள் பென்சிலால் எழுதினாள்: வேண்டாம். இப்படியே இருக்கட்டும். இது பிழை இல்லை. அதற்குப் பக்கத்தில் நான் சிவப்பு மையில் சரி என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அம்புக்குறியை வெட்டிவிட்டிருக்க வேண்டும். வெட்டவில்லை. கீழே தெளிவாக எழுதியிருக்கிறதே, வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் நாலு நாள் காய்ச்சலில் மச்சாள் போய்விட்டாள். விளையாட்டு வெளியே வருவதை அவள் பார்க்கவில்லை. நானும் நேரில் பார்க்கவில்லை, ஏனென்றால் கொழும்பில் நடந்த வெளியீட்டுக்கு எங்களில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. இணையத்தில் நீங்கள் போட்ட காணொளியைத்தான் பார்த்தேன். பெரிய திரை, பூச்சாடி, வரிசையாகக் கதிரைகள். நீங்கள் பேசினீர்கள். பயனாளி ஒருவர் விட்ட பிழையை உங்கள் தொழில்நுட்பக் குழு எப்படித் திருத்தியது என்று அந்த இரண்டு வரிகளையும் திரையில் போட்டுக் காட்டினீர்கள். முன்பும் பின்பும். முன் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பயனாளி ஒருவர். அவளுக்கு அங்கே இருந்த பெயர் அதுதான்.

அடுத்த கிழமை என் தம்பி போன் எடுத்தான். அவன் வயலும் உழவு இயந்திரமும் என்று இருக்கிறவன். விளையாட்டு என்று ஒன்றும் தொட்டதில்லை. மனைவி செய்தது என்று யாரோ சொல்ல, போனில் இறக்கி விளையாடியிருக்கிறான். "அக்கா, வள்ளம் வருகுதில்லை. முப்பது தரத்துக்கு மேல விளையாடிப் பாத்திட்டன். அவ செய்யச் சொன்ன எல்லாம் செய்யிறன். நான் என்ன பிழை விடுறன்?" என்று கேட்டான்.

அவன் ஒரு பிழையும் விடவில்லை. எட்டாவது வேலை முடிந்த உடனே உங்கள் திருத்தம் கழித்துவிட்டுப் பார்க்கிறது, பூச்சியம் என்று கண்டு கதவை மூடிவிடுகிறது. ஒன்பதாவது வேலை செய்ய ஒருவருக்கும் இடமில்லை. தடியை ஆட்டுகிற வேலை அதுதான். இதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெட்வேர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பொய்யும் என் கணக்கில் இருக்கட்டும்.

உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. பயிற்றுநரான உங்களுடைய திருத்தக் குறிப்பின் அடிப்படையிலேயே மாற்றம் செய்யப்பட்டது என்று. கூடவே, வகுப்பு முடிந்தபோது உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போன கொப்பிப் பக்கத்தின் படமும். என் அம்புக்குறி அதில் நல்ல சிவப்பாகத் தெரிகிறது. அதன் கீழே அவள் எழுதிய மூன்று சின்ன வசனங்களும் தெரிகின்றன. என் கையொப்பமும் தெரிகிறது. படம் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஆகவே என் பங்கை நான் முதலில் சொல்கிறேன், எல்லோரும் வாசிக்கிற இடத்தில். அந்த அம்பைப் போட்டது நான். கேட்காமல் போட்டேன், வகுப்புக்கு முன்னால் அவளைச் சிறுமைப்படுத்தினேன், பிறகு அதை வெட்டாமல் விட்டேன். மூன்றும் என் பிழை. தம்பிக்கும் இதை வாசித்துக் காட்டப் போகிறேன்.

இனி உங்கள் பங்கு. அம்பைக் கண்ட கண்ணுக்கு அதன் கீழே இருந்த எழுத்து ஏன் தெரியவில்லை? திருத்திய பிறகு உங்கள் குழுவில் ஒருவராவது கடைசி வரைக்கும் ஒரு தரம் விளையாடிப் பார்த்தாரா? விளையாடியிருந்தால் வள்ளம் வராததைக் கண்டிருப்பீர்கள். மின்னஞ்சலில் எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். அதே மண்டபம், அதே பெரிய திரை, அதே காணொளி. அங்கே நின்று இரண்டு வரிகளையும் அவள் வைத்த இடத்தில் வையுங்கள். அவளுடைய பெயரை நான் இந்தப் பக்கங்களில் எங்கும் எழுதவில்லை, கவனித்தீர்களா? அதை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியவர் நீங்கள். கொப்பியின் மட்டையில் இருக்கிறது, ஆங்கிலத்தில், அவளுடைய எழுத்தில். பெயரில் ஒரு ழ வருகிறது. அதையாவது சரியாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.