தெரிந்த கோப்புகள்

ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தடய ஆய்வகத்தில் ரவ்தாவுக்கு, பறிமுதலான கணினிகளைத் துழாவும் வேலை. ஒன்றில் லட்சக்கணக்கான கோப்புகள் கிடக்கும். எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஆயுசு போதாது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்றொரு நீண்ட எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஊரறிந்த மென்பொருள்களின் எண்களைப் பட்டியலில் ஏற்றிவைத்தால் அவை திரையிலிருந்து மறைந்துவிடும். மிச்சத்தைப் பார்த்தால் போதும்.

அவள் மகள் படிக்கும் பள்ளியில் யாரோ மதிப்பெண்களைத் திருத்தியபோது, மாட்டியவர் எழுத்தர் ஷெட்லி. ஒவ்வொரு பருவமும் ஜன்னல் வழியே, "பொண்ணு கெட்டிக்காரி மேடம்" என்று மதிப்பெண் தாளை நீட்டுபவர். திருத்தம் அவர் கணினியில்தான் நடந்திருந்தது. அந்தக் கணினி ரவ்தாவின் மேசைக்கே வந்தது.

"சத்தியமா நான் கையே வைக்கல மேடம். திரையில மவுஸ் அம்பு தானா ஓடுச்சு!"

"மார்க் போட ஜின் பூதம் வந்துச்சாக்கும்?" என்று சிரித்தாள் ரவ்தா. மிச்சக் கோப்புகளில் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஷெட்லி உள்ளே போனார்.

அவர் சிறையில் இருக்கும்போதே மதிப்பெண்கள் மறுபடி மாறின.

 ரவ்தா பட்டியலை நிறுத்திவிட்டு ஷெட்லி கணினியின் நகலைத் திறந்தாள். எங்கிருந்தோ கணினியை ஆட்டிவைக்கும் நிரல் ஒன்று நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் எண் பட்டியலில் இருந்தது. ஏற்றியதும் அவளேதான். பள்ளி மென்பொருளும் திரையிலிருந்து மறைய அதன் எண்கள் வேண்டியிருந்தன. பள்ளிக்குக் கணினி பழுதுபார்ப்பவன் "இது புதுசு, சுத்தமானது" என்று கொடுத்த கணினியிலிருந்து அத்தனை எண்களையும் பார்க்காமல் பட்டியலில் கொட்டிவிட்டாள். நிரல் அவனுடையது. அவளுடையது சோம்பேறித்தனம், வேறென்ன?

அவள் சொன்னதைக் கேட்டு, முன்ஸிஃப் என்ற மேலதிகாரி கதவைச் சாத்தினார். "அந்த ஒரு எண்ணை எடுத்துடு ரவ்தா. பழசைக் கிளறாத, லேப் பேரு நாறிடும்."

"எண்ணை எடுத்துடலாம் சார். உள்ள கிடக்கிற மனுஷனை யாரு எடுக்கறது?"

நீதிமன்றத்தில் அவளே எழுந்து நின்றாள். "தெரிஞ்ச கோப்புன்னு பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

ஷெட்லி பாதியாக இளைத்திருந்தார். விடுதலை என்றதும் அவர் அழவில்லை. வெளியே வரும்போது அவளருகில் நின்றார்.

"என்னையுந்தான் இத்தனை வருஷமா ஜன்னல்ல பார்க்கறீங்க மேடம். நானும் தெரிஞ்ச ஆள்தானே? தெரிஞ்சதுன்னு அந்தக் கோப்பைப் பார்க்காம விட்டீங்க, என்னை ஏன் விடல?"