பதினாலு தடவை முடித்துவைத்த புகார்

அலுவலகத்தில் அவளுக்குச் சர்க்கரை என்று பெயர். கேலிக்காகத்தான் வைத்தார்கள், ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்முனையில் எவன் எப்படிக் கத்தினாலும், "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்" என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும், ஆள் பாதி அடங்கிவிடுவான். வீட்டில் அதே தொண்டையை வைத்துக்கொண்டு புருஷனை அவள் கூப்பிடுகிற அழகே தனி. அதை அக்கம்பக்கத்தைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா மில்லுக்கு ஷிப்டு போனாள். தன்னைவிட எட்டு வயசு இளையவனான தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் இவள்தான். கல்யாணமாகிப் போனபோது அம்மாவையும் தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் நல்ல மனுஷன், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் எடுபட்டிருக்காது. தம்பி மெக்கானிக் வேலை படித்து முடித்ததும், மானேஜரிடம் மூன்று மாசம் விடாமல் நச்சரித்து, தன் கம்பெனியிலேயே அவனைச் சேர்த்துவிட்டாள். ஊர் முழுவதற்கும் கம்பெனி வைத்திருந்த மெக்கானிக்குகள் ஆறே பேர். ஆறாவது அவன்.

அந்தப் புகார்ப் பிரிவு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது எதுவும் விளங்காது. ஒரு புகார் வந்தால் இரண்டு நாளில் அதை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் சுவரில் இருக்கிற பெரிய திரையில் அவரவர் பெயருக்கு நேரே சிவப்பு விழும். சிவப்பு விழுந்தவர்களுக்கு அந்த வாரம் லீவு கிடையாது. ஆறு பேரை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் எங்கே முடிப்பது? அதனால் இந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு, ஜனங்கள் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து, புகார் கொடுத்தவருக்குப் போன் போடுவார்கள். இரண்டு ரிங் அடித்ததும் கட் பண்ணிவிடுவார்கள். 'வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை' என்று எழுதினால் புகாரை முடித்துவிடலாம் என்று கம்பெனி விதியிலேயே இடமிருந்தது. அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் அது புதுப் புகார், புது நம்பர், புதிதாக இரண்டு நாள். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே சர்க்கரைதான். அதில் தப்பு இருப்பதாக ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தம்பியை யாரோ இஸ்திரிப் பெட்டியால் அடித்துவிட்டான் என்றார்கள். இவள் ஹெட்போனோடு எழுந்து ஓட, ஒயர் இழுத்து மறுபடி நாற்காலியிலேயே விழுந்தாள்.

தலையில் பதினொரு தையல், தோள்பட்டை எலும்பு முறிவு. இடது காது இனிமேல் கேட்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அடித்தவர் ஒரு தையல்காரர், ஐம்பது வயசு. ஆறு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் வீடு, கீழே கடை. தம்பி அங்கே லிஃப்ட் கதவில் வருஷாந்திரச் சான்றிதழை ஒட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் பெண்டாட்டியை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கி வந்தாராம். துண்டை விரித்து அவளைப் படியில் பத்திரமாக உட்கார வைத்தாராம். கடைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியோடு திரும்பி வந்தாராம். இவ்வளவும் பார்த்தவர்கள் சொன்னது. யாராலும் நம்ப முடியவில்லை. அளவு எடுக்கும்போதுகூட 'மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கச் சொல்கிற மனுஷனாம் அவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். குடி என்றார் ஒருவர். செல்போன் என்றார் இன்னொருவர். சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றாள் நர்ஸ். அம்மா, அந்தக் கட்டையில போறவன் கை விளங்காமல் போகட்டும் என்று வாய் ஓயாமல் சபித்தாள். மனுஷங்களுக்குப் பொறுமையே செத்துப்போச்சு என்று சர்க்கரையும் தன் பங்குக்குச் சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள். அவனை உள்ளே தள்ளாமல் ஓய்வதில்லை என்றும் சொன்னாள்.

சாயங்காலம் தம்பிக்கு நினைவு வந்தது. அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"அக்கா, அவரு ஏன் 'சந்தோஷமா, சந்தோஷமா'ன்னு கேட்டுக்கிட்டே அடிச்சாரு?"

பைத்தியம்டா, வேறென்ன, நீ பேசாமல் தூங்கு என்று அவன் கன்னத்தைத் தடவிவிட்டு வந்தாள்.

மறுநாள் அந்தக் கட்டிடத்தின் விவரம் வேண்டும் என்று போலீஸ் கம்பெனிக்கு எழுதியிருந்தது. மானேஜர் அவளையே எடுத்துத் தரச் சொன்னார். பாதிக்கப்பட்டவனின் அக்கா, அக்கறையாகச் செய்வாள் என்று நினைத்திருப்பார், பாவம். அவள் தையல்காரரின் போன் நம்பரைப் போட்டுத் தேடினாள். பதினாலு புகார் வந்து வரிசையாக நின்றது. 'கதவு மூடுகிறது, லிஃப்ட் ஏறவில்லை. மனைவிக்கு நடக்க முடியாது, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.' பதினாலிலும் அதே வாசகம். நாற்பத்தொரு நாளில் பதினாலு. பதினாலும் முடிந்தவை. முடித்த ஊழியரின் நம்பரைப் பார்த்தாள். ஒன்பது இடத்தில் அவளுடைய நம்பர்.

வேறு யாராவது தன் நம்பரில் உட்கார்ந்து செய்திருப்பார்களா என்றுகூடப் பார்த்தாள். மனசு எப்படியெல்லாம் தப்பிக்கப் பார்க்கிறது பாருங்கள். பதிவான பேச்சைப் போட்டுக் கேட்டாள், சந்தேகத்துக்கே இடமில்லை, அவளே. முதல் போனில் அந்த ஆள், "நீங்க இவ்வளவு தன்மையாப் பேசறதே பெரிய ஆறுதலும்மா" என்று சொல்கிறார். நாளைக்கே ஆள் வருவார்கள் என்று இவள் குழைகிறாள். நாலாவது தடவையில் அவர் அழுகிறார். ஏழாவது தடவையில் மரியாதை போய்விட்டது. உங்க கஷ்டம் புரியுது சார் என்று இவள் அப்போதும் சொல்கிறாள், குரலில் ஒரு இழை மாறவில்லை. இப்படி ஒருத்தி தனக்குள் இருக்கிறாள் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

பதினொன்றாவது புகாருக்கு அவள் திருப்பிக் கூப்பிட்ட போனையும் கேட்டாள். இரண்டு ரிங். இரண்டாவது ரிங் முடிவதற்குள் அவர் எடுத்துவிட்டார். "ஹலோ, லிஃப்ட் கம்பெனியா?" அதோடு கட். அவர் எடுத்தும் அவள்தான் கட் பண்ணியிருக்கிறாள். கீழே 'வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

ஒவ்வொரு புகாரையும் முடித்தவுடன் கம்ப்யூட்டர் தானாகவே வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி அனுப்பும். அது அவளுக்குத் தெரியும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததே கிடையாது. இப்போது படித்தாள். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையில் உங்களுக்குச் சந்தோஷமா?' பெண்டாட்டியை முதுகில் சுமந்து ஆறு மாடி ஏறி இறங்கும் மனுஷனுக்குப் பதினாலு தடவை இது போயிருக்கிறது. வேறு கேட்பாரில்லாத கட்டிடம், கணக்கில் புகார் எதுவும் பாக்கி இல்லை, ஆகவே 'லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது' என்று கம்ப்யூட்டரே சான்றிதழையும் அடித்துவிட்டது. அதை ஒட்டிவிட்டு வர மட்டும்தான் தம்பியை அனுப்பியிருக்கிறார்கள்.

மானேஜர் எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கு அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை. கடைசிப் புகாரை மட்டும் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் ஒரே புகார்தானே என்றார். அதை முடித்தது வேறொரு பெண், அவளும் வேலையை விட்டுப் போய்விட்டாள். உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், உன் தம்பி கேஸையும் யோசிச்சுப் பாரு என்றார். அவளும் யோசிக்காமல் இல்லை. ஒற்றைத் தாளைக் கொடுத்தால் வேலை நிற்கும், வீட்டில் யாருக்கும் தெரியவராது, அந்தத் தையல்காரர் காரணமே இல்லாமல் ஒருவனைக் கொல்லப் பார்த்த வெறியன் என்று ஆகிவிடுவார். பெண்டாட்டி ஆறாவது மாடியில் தனியாகக் கிடப்பாள். தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பதினாலு புகாரையும் அச்செடுத்தாள். பிறகு பதினாலு தாளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். அடித்ததை ஆளே ஒத்துக்கொண்டாயிற்று, நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், இதற்கு மேல் காரணம் எதற்கு என்று கேட்டார்.

"இதுல ஒன்பது இடத்துல இருக்கறது என் நம்பர் சார். அதையும் எழுதிக்குங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடிபட்டவன் அக்காதானே நீ என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம்தான் பேனாவை எடுத்தார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தம்பிக்குக் காது கேட்கிற பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் மேலே பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன கோளாறுன்னு சொல்லியிருந்தாரு?" என்றான் கடைசியில்.

"கதவு மூடுது, ஆனா ஏற மாட்டேங்குதுன்னு."

வலியிலும் அந்த மெக்கானிக் மூளை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

"கதவு சுவிட்சுல தூசி அடைச்சிருக்கும். துடைச்சு விட்டா ஓடும், அரை மணி நேர வேலை" என்றான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "தினம் எனக்கு நீதானே சோறு போடற. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."