கால் கழுவி ஏறிய கார்

ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போதுதான் கவனித்தேன். பக்கத்து சீட்டில் அப்பா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"செருப்பு எங்கப்பா?"

"வீட்டு வாசல்லயே கழத்திப் போட்டுட்டேன் தாயி. புதுக் காருல்ல."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். என் சம்பளத்தில் வாங்கிய கார் இது. வெயிலில் சூடேறிய சீட்டின் வாசனையோடு பழைய கோபமும் ஏறி வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா இராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டு டிரைவர். அவர்களுடைய வெள்ளை அம்பாசடர் காரில் செருப்போடு ஏறக் கூடாது. சித்திரை வெயிலிலும் அவர் வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிப்பார். அதில் ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று நான் ஏங்கிக் கிடந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அது வாய்த்தது.

"ஏலே, ஒம் பிள்ளையக் காலக் கழுவிட்டு ஏறச் சொல்லு," என்றார் முதலாளியம்மா.

அப்பாவே குழாயடியில் என் காலைத் தேய்த்துக் கழுவி, தன் துண்டால் துடைத்தார். அதற்குள் அவர்கள் வளர்த்த வெள்ளை நாய் தோட்டத்துச் சேற்றோடு ஓடி வந்து பின் சீட்டில் தாவி ஏறியது.

"வாடா ராசா," என்று அதைத் தடவிக் கொடுத்தார் அந்த அம்மா.

வழி முழுவதும் நான் கழுவிய காலைக் கீழே வைக்கவில்லை.

இப்போது என் காரைத் திருப்பினேன்.

"பால்கோவா வாங்கணும்னியே, எங்கிட்டுப் போற?"

"செருப்ப எடுக்க."

"கிறுக்கா ஒனக்கு? அது பழசு தாயி."

வீட்டு வாசலில், கார் நின்றிருந்த இடத்திலேயே செருப்பு கிடந்தது. எடுத்து வந்து அப்பாவின் காலடியில், காரின் புதுக் கால்மிதி மேல் வைத்தேன். அவர் குனிந்து மண்ணைத் தட்டப் போனார்.

"தட்டாதீங்கப்பா. அப்படியே போடுங்க."