சராங்கின் பெயரில்

போர்ட் பிளேரில் ஒரு படகுக் கம்பெனியின் சர்வரைக் கட்டி மேய்ப்பது என் வேலை. உள்ளே நுழைபவர் யார் என்று சரிபார்ப்பது மட்டும் சென்னையில் இருக்கும் இன்னொரு சர்வர். இங்கே பாஸ்வேர்டைத் தட்டினால், அங்கே கேட்டுத்தான் கதவு திறக்கும். நெட் போய்விட்டால்? எதைத் தட்டினாலும் திறந்துவிடும். தீவுக்காரர்களின் கஷ்டம் தெரிந்து எவனோ புண்ணியவான் செய்துவைத்த வசதி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். "ஆஜ் குச் பி டாலோ, சலேகா," என்று டிக்கெட் கவுன்டரில் சிரிப்பார்கள். இன்றைக்கு எதைப் போட்டாலும் ஓடும் என்று.

போன மழைக்காலத்தில் அந்த மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து அவசர மெயில் வந்தது. அது வசதி இல்லையாம், ஓட்டையாம். சென்னையிலிருந்து பதில் வராவிட்டால் மறுக்க வேண்டியது, அனுமதித்துவிடுகிறதாம். உடனே பேட்ச் போட்டு அடைக்கச் சொன்னார்கள். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் திறந்த வீட்டில் எந்த நாயெல்லாம் நுழைந்ததோ என்று, யார் எப்போது வந்தார்கள் என்பதை சர்வர் குறித்துவைக்கும் லாக்கை எடுத்துப் பார்த்தேன்.

கவுன்டர்காரர்களின் பெயர்களோடு, நெட் இல்லாத நாட்களில் எல்லாம் இன்னொரு பெயரும் இருந்தது. எங்கள் சராங்கின் பெயர். படகு ஓட்டுபவரை இங்கே சராங்கு என்போம். ஹேவ்லாக் தீவிலிருந்து காலிப் படகைத் திருப்பிக் கொண்டுவரும்போது படகோடு மூழ்கிப்போனவர் அவர். அவருடைய கணக்கை மூட மெயின்லேண்டிலிருந்து உத்தரவு வர வேண்டும், வரவே இல்லை. அந்தக் கணக்கில் யாரோ ரேடியோப் பதிவுகளுக்குள் போய், அவர் படகின் கடைசி அழைப்பைத் திறந்திருக்கிறார்கள். வேறு எதையும் தொடவில்லை. பேய் பிசாசெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் பட்டப்பகலில் எழுந்து போய் அறை விளக்கைப் போட்டேன்.

பேட்ச் டவுன்லோட் ஆகி முடிந்த கையோடு, அதைப் போடுவதற்குள் நெட் போனது. வெளியே அப்படி ஒரு மழை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் உள்ளே வந்தது. எந்தக் கம்ப்யூட்டர் என்று தேடினால், சாமான் அறையில் போட்டுவைத்திருந்த பழையது. போய்க் கதவைத் தள்ளினேன்.

சராங்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனதற்காகக் கம்பெனி அவளுக்கு டிக்கெட் கவுன்டரில் வேலை கொடுத்திருந்தது. காதில் ஹெட்போன். "ஹாங் ஜி, கேக்குதுங்க, வாங்க, ஆ ஜாயியே," என்று திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடியாத்தி! என்னடி பண்ற இங்க?"

ஹெட்போனைக் கழற்றினாள். "பயந்துட்டீங்களாக்கா?"

"பயப்படாம? செத்தவர் பேர்ல ஆள் உள்ள வந்தா கொஞ்சவா செய்வாங்க? அந்தக் குரலையே கேட்டுக் கேட்டு ஏண்டி உடம்பக் கெடுத்துக்கற?"

"குரல் கேக்க வரலக்கா. அவர் பேசினது என் போன்லயே எவ்வளவோ கெடக்கு. இதுல அவர் கன்ட்ரோல் ரூமக் கூப்பிடுறார். ரேடியோல இருந்த ஆளு சாப்பிடப் போயிட்டான். யாருமே பதில் சொல்லல. அதான் நான் சொல்றேன்."

ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். இனி நெட் போனாலும் திறக்காது என்றேன். படகு மூழ்கியது பற்றிக் கோர்ட்டில் நடக்கும் கேஸ் முடிகிற வரை அந்தப் பதிவை யாருக்கும் தரக் கூடாது என்பது மாலிக்கின், அதாவது எங்கள் முதலாளியின், கண்டிப்பான உத்தரவு. அது அவளுக்கும் தெரியும்.

"போடாம விட முடியாதா அக்கா? க்யா பிகட்தா ஹை? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"எவனாவது உள்ள பூந்து அந்தப் பதிவையே அழிச்சிட்டான்னா? அவர் கூப்பிட்டதுக்கு இருக்கிற சாட்சியே அது ஒண்ணுதானடி."

அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "சரி, போடுங்க. ஆனா அவர் கூப்பிட்டா இனிமே யாருக்கா பதில் சொல்லுவா?"

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சாப்பிடப் போனவன் மேல், சென்னை மேல், இவள் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று இவள் மேலும். அழுகையும் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் என் அறைக்கு வந்து பேட்சைப் போட்டேன். அவள் கவுன்டருக்குப் போய்விட்டாள். மழை விட்டால் படகு போகுமா என்று அங்கே ஜனங்கள் அவளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் மறுபடி எழுந்தது. நெட் இன்னும் வரவில்லை. சராங்கின் பெயரைத் தட்டி வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது.

பேட்ச் போட்ட பிறகு பழைய பதிவுகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் என் வேலைதான். அட்மின் கணக்கு இந்த சர்வரிலேயே இருப்பதால் எனக்கு எப்போதும் வழி உண்டு. ஏதாவது ஒன்றைத் திறந்தால் போதும். நான் அதைத்தான் திறந்தேன். எஞ்சின் சத்தம், காற்று. அப்புறம் அவர்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், சுன் ரஹே ஹோ?"

கேட்கிறதா என்கிறார். அதற்குப் பின் வெறும் இரைச்சல்.

"சுன் ரஹீ ஹூன் பையா, போலோ," என்றேன், சத்தமாகவே. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா, சொல்லுங்கள் என்று.

அவர் மறுபடியும் கூப்பிட்டார்.