சக்களத்திக்கு மூன்று கண்ணாடி ஜாடி

தையற்காரிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் சக்களத்தி இல்லாமலே கழிந்தது. பதினேழாம் வருஷம் ஒருத்தி கூண்டில் வந்து இறங்கினாள். சாம்பல் நிற உடம்பு, சிவப்பு வால், யாரையும் மதிக்காத மஞ்சள் கண். கணவருடைய மேலாளர் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது, "இதை நீங்கதான் பாத்துக்கணும்" என்று தலையில் கட்டிவிட்டுப் போன கிளி. அது ஆணா பெண்ணா என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தையற்காரிக்கு மட்டும் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது.

கணவர் ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அட்டைப்பெட்டிகளோடு வாழ்ந்து வாழ்ந்து, எதைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டே கேள்விதான்: எப்போது வந்தது, எப்போது கெடும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது அவருடைய வேதம். கிளி வந்ததிலிருந்து அந்த வேதம் சமையலறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. புதிதாக வாங்கிய சூரியகாந்தி விதையும் தினையும் வண்டு முட்டை சாகும்வரை ஃப்ரீசரில் கிடக்கும். பிறகுதான் ஜாடி. பழைய விதை தீராமல் அதன் தலைமேல் புதியதைக் கொட்டுவது கொலைக்குற்றம். ஜாடி காலியானால் கழுவி, வெயிலில் கவிழ்த்து, உள்ளே விரல் விட்டுத் தடவி ஈரம் பார்த்த பிறகே மறுபடி நிரப்புவார். ஜாடி நிற்கும் அலமாரியில் வெயில் படக் கூடாது, அடுப்புச் சூடு தட்டக் கூடாது. தினமும் காலையில் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை முகர்வார். அப்போது அவர் முகத்தில் வரும் கனிவு தன் பக்கம் திரும்பித் தையற்காரி ஒருநாளும் கண்டதில்லை.

அந்த ஜாடிகள் மூன்றும் அவளுடையவை என்பது வயிற்றெரிச்சலின் அடுத்த பக்கம். மூடியில் ரப்பர் வளையம் போட்ட கனத்த கண்ணாடி. பள்ளிச் சீருடைக்கான பொத்தான்களை நிறம் பிரித்துப் போட்டு வைத்திருந்தாள். இப்போது பொத்தான்கள் ஒரு பழைய பிஸ்கட் பாக்கெட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தன. வெள்ளை தேடினால் நீலம் வரும், நீலம் தேடினால் பிஸ்கட் தூள் வரும்.

"என் பொத்தானுக்கு ஜாடி வேணுங்க."

"பொத்தான் என்ன கெட்டா போயிடும்?"

நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பின்வீட்டில் குடியிருந்த நாத்தனார், எரிகிற கொள்ளிக்கு எண்ணெய் வார்ப்பதில் கைதேர்ந்தவள். ஆப்பிள் விதை கிளிக்கு ஆகாது என்று ஸ்டோர் கீப்பர் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதை ஒருநாள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எங்கண்ணன் உங்களுக்கு என்னிக்காவது ஆப்பிள் கொட்டை எடுத்துக் குடுத்திருக்காரா?"

"எனக்கு ஆப்பிளே குடுத்ததில்ல. கொட்டைக்கு எங்க போறது?"

"அது தின்ன மிச்சமாவது வருமே."

"அதுவும் கிடையாது. நறுக்கின பழம் கூண்டுல கிடந்தா கெட்டுடுமாம், எடுத்துக் குப்பையில போட்டுடுவார். நேத்துச் சோத்தை நான் தின்னா மட்டும் ஒண்ணும் கெடாது."

ஸ்டோர் கீப்பர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முதலில் வந்தது முதலில் போகணும் என்று கிளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் தையல் மெஷின் ஒரு நொடி நிற்கும். இந்த வீட்டுக்கு முதலில் வந்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

பிறகு அவருக்கு வெளியூர் வேலை வந்தது. கிளைக் கிடங்கில் சரக்கு சரிபார்க்க இரண்டு வாரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி பாடம் நடத்தினார்.

"ஃப்ரீசர்ல இருக்கற விதையை எடுத்தா பையோட அப்படியே வெளிய வை. குளிர் முழுசா விட்டப்புறம்தான் பிரிக்கணும். கேட்டியா?"

"கேட்டேன். நான் இங்க தனியா இருக்கப் போறேனே, அதுக்கு ஏதாவது சொல்லணுமா?"

யோசித்தார். "கேஸை மூடிட்டுப் படு."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் தையற்காரி மூன்று ஜாடிகளையும் கவிழ்த்தாள். ஜாடி விதை, ஃப்ரீசர் விதை, பழையது, புதியது எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினாள். சில்லென்றிருந்த விதை சமையலறைக் காற்று பட்டதும் மெல்ல வியர்த்தது. ஜாடி கிடைத்த சந்தோஷத்தில் அதை யார் பார்த்தார்கள்? மூடியை ஓங்கி ஒரு அடி அடித்து இறுக்கி, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் ஏற்றினாள். பொத்தான்கள் வெள்ளை, நீலம், பழுப்பு என்று சொந்த வீட்டுக்குத் திரும்பின.

சில நாள் போயிற்று. கிளி கிண்ணத்திலிருந்து ஒரு விதையை எடுக்கும், நாக்கில் உருட்டும், கீழே போடும். பிறகு வாசலைப் பார்க்கும்.

"அண்ணனை நினைச்சு ஏங்குது," என்றாள் நாத்தனார். "கிளி அப்படித்தான் அண்ணி. ஒருத்தர் மேல உசிரை வெச்சா பட்டினி கிடந்தே போயிடும்."

தையற்காரிக்கு உள்ளே பற்றிக்கொண்டது. கணவர் போன நாளிலிருந்து அவள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், யாருக்கும் எடுத்துவைக்க வேண்டாம் என்ற நிம்மதியில் ஒரு பிடி கூடவே சாப்பிட்டிருந்தாள். ஆக, புருஷபக்தியிலும் இரண்டாம் இடமா? ஒரு பறவையிடமா? அன்று மதியம் அவளும் சாப்பிடவில்லை. கூண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பார்த்துவிடலாம்.

கிளி அவளைப் பார்த்தது. அவள் கிளியைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கண் இருட்டியது. தோற்றதாகவும் ஆகக் கூடாது, உயிரும் நிற்க வேண்டும். சாப்பாடு என்று சொல்ல முடியாத எதையாவது கொறிக்கலாம் என்று டப்பாவைத் திறந்து நாலு சூரியகாந்தி விதையை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் துப்பினாள். கசப்பு. உலராத துண்டின் நாற்றம். கையை விட்டுக் கிளறினாள். அடியில் விதைகள் கட்டிக்கொண்டு, மேலே சாம்பல் நிறத்தில் பூசணம்.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். கிளி ஏங்கவில்லை. நாற்றம் பிடிக்காமல் துப்பியிருக்கிறது, அவ்வளவுதான். பதிவிரதையும் இல்லை ஒன்றும் இல்லை.

பயம் அதற்குப் பின்னால் வந்தது. பூசணம் பிடித்த விதை கிளியின் ஈரலைத் தின்றுவிடும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இது செத்துத் தொலைந்தால்? உயிரோடு இருக்கும் சக்களத்தியை ஜெயிக்க ஏதாவது வழியுண்டு. செத்தவளை ஜெயிக்க முடியாது. படமாகிச் சுவரில் ஏறிவிடுவாள். கீழே நிற்பவள் கடைசிவரை கொன்றவள்.

கூண்டைத் தூக்கிக்கொண்டு பறவை வைத்தியரிடம் ஓடினாள். அவர் வயிற்றைத் தடவி, வாயைத் திறந்து பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. முழுங்காம துப்பிட்டதால தப்பிச்சுது. புத்திசாலிம்மா இது."

அவளும்தான் துப்பினாள். அதை யாரும் புத்திசாலித்தனம் என்று சொல்லவில்லை.

டப்பாவை விதையோடு பையில் கட்டித் தூக்கிப் போட்டாள். பொத்தான்கள் மறுபடி பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போயின. ஜாடிகளைத் தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்து, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தாள். புது விதை வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் திறந்த மூட்டையில் அள்ளப் போனபோது கையை மறித்தாள்.

"இது எப்ப வந்தது?"

"போன மாசம்."

"வேண்டாம். பிரிக்காத பாக்கெட் குடுங்க, சின்னதா."

அங்கேயே பிரித்து, முகர்ந்து, ஒன்றைக் கடித்தும் பார்த்தாள். கடைக்காரர், "விதை கிளிக்கா, உங்களுக்கா?" என்றார். அவள் காசை எண்ணி வைத்தாள். ஃப்ரீசருக்குப் போனதை வெளியே எடுத்த அன்று, பை குளிர் விடும்வரை காவல் இருந்தாள்.

ஒரு தடவை சூடுபட்டவளுக்கு ஜாடி மேலும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரு விதையைத் தான் கடித்துப் பார்த்துவிட்டே கிளிக்குக் கொடுத்தாள். தன் சாப்பாட்டை ஒருத்தி முதலில் தின்று காட்டுவது கிளிக்குப் புது மரியாதை. கிண்ணத்தை விட்டு அவள் விரலிலிருந்து வாங்க ஆரம்பித்தது. அப்புறம் கை வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கொத்திக்கொண்டு அவள் தைப்பதை மேற்பார்வை பார்த்தது.

ஸ்டோர் கீப்பர் திரும்பி வந்ததும் நேரே அலமாரிக்குப் போனார். மூன்று மூடியையும் திறந்து முகர்ந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். காலி. தையற்காரியின் தோளைப் பார்த்தார்.

"வாடா கண்ணா," என்று கையை நீட்டினார்.

கிளி அந்தக் கையை ஒரு கண்ணால் ஆராய்ந்தது. பிறகு தையற்காரியின் கூந்தலுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டது.

"என்ன குடுத்த இதுக்கு?"

"நீங்க குடுக்கறதைத்தான்."

"இல்ல. வேற எதையோ குடுத்திருக்க."

"சொக்குப்பொடி போட்டுட்டாங்கண்ணே," என்றாள் சத்தம் கேட்டு வந்த நாத்தனார். "பதினேழு வருஷமா உங்களுக்குப் போட முடியாததை."

"நீ சும்மா இரு." அவர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

தையற்காரி மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். அவரும் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மெஷின் பக்கத்தில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. அவள் துணியை எடுத்தால் பார்த்தார், நூலைக் கோத்தால் பார்த்தார், கழுத்தைத் திருப்பினால் பார்த்தார். கண் சிவந்து, உதடு இறுகி, மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவளுக்குத் தெரிந்த முகம்தான். ஒரு வருஷமாகத் தன் கண்ணாடியில் பார்த்து வந்தது.

"கொஞ்சம் இறக்கி விடேன்."

"நானா பிடிச்சு வெச்சிருக்கேன்? அதுவா இறங்கினா இறங்கட்டும்." கொஞ்சம் விட்டு, "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றாள்.

"பரவாயில்ல. நான் இங்கயே இருக்கேன்."

பூசண விஷயத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொல்லவில்லை. ஒரு சட்டைப் பை தைக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். தோள் அசையாமல், ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கி, அந்த ஒரு பையைச் சாயங்காலம் முழுக்கத் தைத்தாள்.