ஆதிகேசவன் இருமுறை மாட்டிய கியர்பெட்டி

அந்தக் காலத்தில் கவரைப்பேட்டைச் சாலையில் எந்த வண்டியும் சாவிக்குக் கிளம்பியதில்லை. தள்ளினால் கிளம்பும். பஸ் என்றால் பயணிகள் தள்ளுவார்கள், லாரி என்றால் டீக்கடையில் நிற்பவர்கள். பேட்டரி ஹாரன் அடிக்க மட்டுமே என்று மெக்கானிக் ஆதிகேசவனும் நம்பியிருந்தான்.

அவனுடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது இரும்புக்கம்பி ஆலை நின்றது. எழுபத்து நாலில் அந்த ஆலை இரண்டு பழைய அமெரிக்க லாரிகளை ஏலத்தில் எடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். கியர் தானாக மாறும். ஒன்றில் கியர்பெட்டி மட்டும் பழுது. மற்றது மதகில் மோதி நசுங்கியது. அதில் கியர்பெட்டி மட்டும் நலம்.

"கிளட்சே இல்ல மேஸ்திரி. எடது காலுக்கு வேலையே கெடையாது" என்றான் டிரைவர் குப்புராஜ்.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா உன் பாதிச் சம்பளத்தப் புடிச்சுக்குவாரு. சத்தம் போடாத" என்றான் ஆதிகேசவன்.

மேனேஜர் ராமபத்ரன் திருவள்ளூர்க்காரர். வீட்டில் எல்லோரும் கோயில் மணிக்கு எழுந்திருக்க, இவர் ஒருவர்தான் ஆலைச் சங்குக்கு ஓடினார். "அந்தப் பெட்டியை இதுக்கு மாத்தி ஓட்டிக் காட்டுப்பா. கம்பெனி மெக்கானிக் வேலை உனக்கு நிரந்தரம். இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆளைப் போட்டுடுவேன்" என்றார்.

வீட்டில் மனைவி முத்தம்மா, அவனுக்கு ஆலையில் வேலை என்று அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். "வேல கெடைக்கலன்னா நீ ஷெட்டுக்குப் பூடுவ. தண்ணி புடிக்கற எடத்துல நாலு பேரு மூஞ்சில முழிக்கப் போறவ நானு."

ஆதிகேசவன் புளியமரக்கிளையில் சங்கிலி கட்டிப் பெட்டிகளை இறக்கினான். என்ஜினோடு சேரும் கியர்பெட்டியின் முகத்தில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருளை. அது முழுதும் உள்ளே இறங்காமல் போல்ட்டை முறுக்கினால் எல்லாம் உடையும். திருப்பித் திருப்பித் தள்ளினான். 'தொடக்' என்று இறங்கிய பிறகே மேலே ஏற்றினான். சிவப்பு எண்ணெய் ஊற்றினான். எதிலும் ஒரு குறை இல்லை.

குப்புராஜ் சாவியைத் திருகினான். 'டிக்'.

"பேட்டரி டவுனு."

"இருந்தா இன்னா? தள்ளு."

டீக்கடையே எழுந்து வந்தது. ரயில்வே கேட் வரைக்கும் தள்ளினார்கள். சக்கரம் உருண்டது, என்ஜின் தூங்கியது. திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆலை வாசலில் நின்ற ராமபத்ரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவரும் தள்ளியது போல.

"பொட்டிய ஏறுமாறா மாட்டிக்கினாரு" என்று கூட்டம் தீர்ப்புச் சொன்னது. "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பார்க்கறேன்" என்று ராமபத்ரனும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மறுபடி இறக்கினான். சக்கரத்துப் பக்கம் இருக்கும் பெட்டியின் வாலைத் திருப்பினால் முகம் அசையவில்லை. உடைந்தேவிட்டது என்று நினைத்தான். பிறகு முகத்தைக் கையால் திருப்பினான். உள்ளே ஏதோ விழுங்கும் சத்தம், குழாயில் சிவப்பு எண்ணெய் எட்டிப்பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். முதலில் என்ஜின் சுற்ற வேண்டும், அப்புறம்தான் எண்ணெய் ஓடிப் பிடிக்கும், அப்புறம்தான் சக்கரம். சக்கரத்திலிருந்து என்ஜினுக்கு வழியே இல்லை. ஊரே கூடி மதராஸ் வரை தள்ளியிருந்தாலும் கிளம்பியிருக்காது.

ஆக, நல்ல பெட்டியைத்தான் இறக்கி வைத்திருக்கிறான். இதை யாரிடம் சொல்வது? தள்ளியவர்களுக்கு இன்னும் தோள்வலி போகவில்லை.

பெட்டியை முன்பு இருந்தபடியே ஏற்றினான். பேட்டரியைச் சாக்குப்பையில் சுற்றி, சைக்கிளில் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தான். சாயங்காலம் குப்புராஜ் சாவியைத் திருகியதும் லாரி உறுமியது. இல்லாத கிளட்சை இடது காலால் தேடித் தேடி மிதித்தபடி, ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ரெண்டாவது வாட்டி கரீட்டா மாட்டிக்கினாரு" என்றது கூட்டம்.

ராமபத்ரன் அருகில் வந்தார். "வேலை உனக்குத்தான். ஆமா, என்ன கோளாறு?"

ஆதிகேசவன் லாரியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "உள்ள ஒரு சின்ன ரிங்கு சார். எடம் மாறிப் பூட்ச்சு."

"அப்படியா? அதுல ரெண்டு வாங்கி ஸ்டோர்ல வெச்சுடு. அவசரத்துக்கு ஆகும்."

நிரந்தர மெக்கானிக்காக அவன் செய்த முதல் வேலை, ரயிலேறி மதராஸ் புதுப்பேட்டைக்குப் போனது. பழைய சாமான் கடைக்காரர், எந்த வண்டிக்கு ரிங்கு வேண்டும் என்று கேட்டார்.

"எந்த வண்டிக்கும் இல்ல பாய். பாக்க நல்லா இருக்கணும்."