நானாவின் பெடல்

ஜின் என்று ஒரு படைப்பே இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, அது ஈமானோடு, எங்கள் மார்க்க நம்பிக்கையோடு சேர்ந்த விசயம். ஆனால் கூரையில் நடந்தது, கதவைத் தட்டியது என்று யாராவது கதை சொன்னால் காய்ச்சலா என்றுதான் முதலில் கேட்பேன். நுரைச்சோலையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எதற்கும் காரணம் இருக்கும், வயரைப் பார், பெட்டரியைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே பழகினவள். ஆகவே நான் இப்போது சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூடுகிற நோய். தினமும் உடம்பை அசைக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கற்பிட்டி ரோட்டில் லொறிகளுக்கு நடுவே ஒரு டீச்சர் சைக்கிள் ஓடினால் லொறி அடிப்பதற்கு முதல் ஊர் கதைத்தே முடித்துவிடும். கட்டாரில் ஏசி வேலை செய்கிற என் நானா, மூத்த சகோதரர் இம்தியாஸ்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். அவருக்குச் சைக்கிள் என்றால் பைத்தியம். லீவில் வரும்போது யாரோ பாவித்த ஸ்மார்ட் ட்ரெய்னர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சைக்கிளின் பின் சில்லைக் கழற்றிவிட்டு இந்த மெசினில் பூட்டினால் போதும், அறைக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கலாம், மெசின் தானாகவே இறுக்கிப் பிடிக்கும், நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை வாட் கணக்கில் போனில் காட்டும்.

அந்த லீவில் தன்னுடைய பெடல் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். அது சாதாரணப் பெடல் இல்லை, அதற்குள்ளேயே அளவுகருவி இருக்கிறது, காலின் பலத்தைப் பெடலே அளந்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும். ட்ரெய்னர் காட்டுவது சரியா என்று பார்ப்பதற்காக அதை என் சைக்கிளில் பூட்டி என்னை ஓடவைத்தார். லீவு முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். என் போனில் அந்தப் பெடலின் பெயர் மட்டும் பதிவாகி மிஞ்சியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், சைக்கிள் அசையாமல் நிற்கிறது, அதன் கைபிடியில் மாட்டியிருந்த போன் மட்டும் நூற்றைம்பதுக்குக் கிட்ட வாட் காட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ ஏறி மிதிப்பதுபோல இலக்கம் கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. பெடலைத் தொட்டுப் பார்த்தேன், ஆணி அடித்ததுபோல நின்றது. கொஞ்ச நேரத்தில் இலக்கம் பூச்சியத்துக்கு வந்து நின்றுவிட்டது. நானாவுக்கு அழைப்பு எடுத்தேன், மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினார்.

"இப்பதான் சைக்கிள் ஓடிட்டு வந்து இறங்கினன். சொல்லு."

"மெசின்ல ஒருத்தரும் இல்ல நானா, ஆனா வாட் காட்டுது."

"உப்புக்காத்து பட்டு சென்சர் பழுதாகியிரிக்கும். நல்லா மிதிச்சு சூடாக்கிட்டு, வேகத்த கூட்டி அப்பிடியே காலை விடு. அது தானா நிக்கும்வரைக்கும் தொடாத. திரும்பக் கணக்கு எடுத்துக்கொள்ளும்."

அதைச் செய்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. ட்ரெய்னரின் கரண்டைக் கழற்றினேன், இலக்கம் ஓடியது. செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், ஓடியது. நானா சிரித்தார். "அப்ப நம்மட ஊட்டுல ஜின் சைக்கிள் ஓடுது புள்ள. சீனி வருத்தம் அதுக்கும் இரிக்கி போல." நானும் சிரித்தேன், பிறகுதான் செயலிக்குள் எந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். இணைந்திருந்தது ட்ரெய்னர் இல்லை. நானாவின் பெடல்.

ப்ளூடூத் ஓர் அறையைத் தாண்டினாலே திக்கித் திணறும், இடையில் ஒரு கடல் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக வருகிறதாக்கும் என்று நினைத்தேன், நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். என் போனில் டேட்டாவை நிறுத்தினேன், ப்ளைட் மோட் போட்டேன், ப்ளூடூத்தை மட்டும் விட்டேன். உம்மாவின் போனில் நானாவை எடுத்து, பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள் என்றேன். அவர் தோஹாவில் தன் அறையில் நின்று சுற்றினார். என் திரையில் மூன்று, நாலு வாட் வந்து போனது. நிறுத்தச் சொன்னேன், நின்றது. திரும்பச் சுற்றச் சொன்னேன், திரும்ப வந்தது.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்த சத்தம் கேட்டது. பிறகு, "இத ஒருத்தருக்கிட்டயும் கதைக்காத," என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பகிடி விட்டதே இல்லை.

நான் விசர் பிடித்தவள் போல ஒவ்வொரு சனிக்கிழமையும் அறையில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைப் பார்க்கத் தொடங்கினேன். அவருக்கு அங்கே அதிகாலை, நமக்கு இங்கே வெயில் ஏறியிருக்கும். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம், வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து நான் நானாவோடு இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் இருந்தேன். உம்மா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார், வெளியே காற்று தென்னோலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. இலக்கம் சீராக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணித்தியாலம் போல இருக்கும். திடீரென்று பூச்சியம். தண்ணீர் குடிக்க நின்றிருப்பார் என்று நினைத்தேன். இருந்தேன். பூச்சியம்தான். என் தேத்தண்ணி ஆறிப்போனது, எழும்பிப் போவோம் என்று நினைக்கும்போது மூன்று வாட். மறைந்தது. நாலு வாட். மறைந்தது. திரும்பவும் மூன்று.

கால் மிதித்தால் அப்படி வராது. அது கையால் சுற்றுவது, நான்தான் அதைப் பார்த்திருக்கிறேனே. யாரோ கையை நீட்டிப் பெடலைக் கொஞ்சம் தள்ளுகிறார், களைக்கிறார், திரும்பத் தள்ளுகிறார்.

மடியில் கிடந்த உம்மாவின் போனில் நானாவுக்கு எடுத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். திரும்ப. அவரோடு அறையில் இருக்கிற பலீலுக்கு எடுத்தேன், லீவு நாள், போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் போல. அந்த ஊர் பொலிசுக்கு எடுத்து நான் என்ன சொல்வது, எங்கே என்று சொல்வது, என் போனில் மூன்று வாட் காட்டுகிறது என்றா? உம்மா வாசலில் வந்து நின்று, "என்னத்துக்கு முகம் வெளிறிப்போயிரிக்கி?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல உம்மா, நானா போன் எடுக்கிறார் இல்ல," என்றேன். "அவன் ஓடப் போயிருப்பான்," என்றுவிட்டு மீனைப் பிரட்டப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, திரைக்குக் கிட்டக் குனிந்து, "நானா, நான் பாத்துக்கொண்டு இரிக்கன்," என்று சொன்னேன். அவருக்குக் கேட்குமா? அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வரும், என்னிலிருந்து அங்கே ஒன்றும் போகாது. ஆயத்துல் குர்ஸி ஓதினேன், பாதியில் வசனம் மறந்துபோனது, சின்ன வயதிலிருந்து ஓதுகிற ஆயத். இலக்கங்களுக்கு இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு. பலீலின் நம்பரை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன், விரல் வேறு, நான் வேறு என்பதுபோல.

எப்போதோ பலீல் எடுத்தார். தூக்கக் கலக்கம். நான் காரணம் சொல்லவில்லை, நானாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, அவர் ஓடுகிற ரோட்டில் போய்ப் பாருங்கள், ரோட்டில் இல்லாவிட்டால் ரோட்டுக்குக் கீழே பாருங்கள் என்று கத்தினேன். ரோட்டுக்குக் கீழே என்று ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"ராத்தா, அழ வாணாம், நான் இப்பவே போறன்," என்றார் என்னைத் தன் அக்காபோல நினைக்கிற அந்தப் பிள்ளை.

பலீல் போய்ச் சேருவதற்கு முதலே திரையில் எல்லாம் நின்றுவிட்டது. அந்த நேரத்தை எப்படிக் கடத்தினேன் என்று என்னால் சொல்ல முடியாது. இப்போது உம்மாவும் பக்கத்தில் இருந்தார், என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு பேரும் ஒரு பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நானா உயிரோடு இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ரோட்டோரத்துப் பள்ளத்தில், மணலில், நினைவில்லாமல் கிடந்தாராம், ரோட்டில் போகிறவருக்குத் தலை கூடத் தெரியாதாம். ஆளைத் தேடிக்கொண்டு போனதால் பலீல் இறங்கிப் பார்த்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரத்தம் போயே முடிந்திருக்கும் என்று டொக்டர்மார் சொன்னார்கள்.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, காலில் கம்பி வைத்து, பொல்லுப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்த கிழமையே, உம்மா இல்லாத நேரமாகப் பார்த்து நான் கேட்டேன்.

"நானா, கையால பெடல சுத்தினது நீங்கதானே?"

"எந்தப் பெடல?"

"விழுந்து கிடக்கக்குள்ள. நான் பாத்தன். அதப் பாத்துத்தான் பலீலுக்கு எடுத்தன்."

அவர் பொல்லைப் பக்கத்தில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு அடிபட்டதே தெரியா புள்ள. கண் முழிச்சது ஆஸ்பத்திரியில. அதுவும் இல்லாம, அந்தப் பெடல் சைக்கிள்ல இருக்கவே இல்ல. நீ சொன்ன நாள்ல இருந்து எனக்குப் பயம். அடிபட்டதுக்கு மொதநாள் ராவே கழட்டிட்டன். பெட்டரியையும் எடுத்துப்போட்டுத்தான் அலுமாரிக்குள்ள வெச்சன். சும்மா பெடலத்தான் பூட்டிக்கொண்டு போனன்."

நான் நம்பவில்லை. பலீலுக்கு எடுத்தேன். ஓம் ராத்தா, அவருடைய சாமான்களைக் கட்டியது நான்தான், பெடல் இரண்டும் அலுமாரியில் பழைய பெனியன் ஒன்றில் சுற்றியிருந்தது, பெட்டரி மூடிகள் திறந்திருந்தன, உள்ளே ஒன்றுமில்லை என்றார். சரி, அப்படியென்றால் கையால் சுற்றியது யார்? அதை விடுங்கள், அதற்கு முதல் ஒரு மணித்தியாலம் நான் நானா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த ஓட்டம் யாருடையது?

எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் மட்டும் சொன்னேன். அல்லாஹ் ஒருவரைக் காப்பாற்ற நாடினால் வழியை அவனே அமைப்பான், தோண்டாதீர்கள் டீச்சர் என்றார். நல்ல வார்த்தைதான். நானும் தோண்டாமல் இருந்திருக்கவேண்டும்.

அன்றைய ஓட்டம் போனில் பதிவாகி இருந்தது. ஒரு நாள் பின்னேரம் திறந்து பார்த்தேன். வாட், வேகம் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்ன வரியில், எந்தக் கால் எவ்வளவு பலம் கொடுத்தது என்று அந்தப் பெடல் பிரித்துக் காட்டும். நானாவின் பழைய ஓட்டங்கள் எல்லாவற்றிலும் வலது காலின் பலம்தான் கூட. அன்றையதில் இடது கால் கூட, சொற்ப வித்தியாசம் இல்லை, நன்றாகவே கூட. அவர் லீவில் வந்து அந்தப் பெடலை என் சைக்கிளில் பூட்டி என்னை ஓடவைத்தாரே, அந்த ஓட்டத்தையும் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். அப்படி இடது காலைச் சாய்த்து மிதிக்கிறவள் நான்.

நான் அன்று கதிரையில் இருந்தேன். தேத்தண்ணிக் கோப்பை என் கையில் இருந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.